பவளத் தொட்டிக்கு எந்த பேலஸ்ட்? குழல்விளக்குக்குச் சோக் தேர்ந்தெடுக்க ஓர் எளிய விளக்கம்

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க முடிவு செய்து கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஏறி இறங்குகிறவர்கள் பெரும்பாலும் குழல்விளக்கின் நிறத்தையும் வாட் அளவையும் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். வெள்ளை எத்தனை, நீலம் எத்தனை, எந்தக் கம்பெனிக் குழல் என்பதில் காட்டும் அக்கறையில் கால் பங்கைக்கூட அந்தக் குழலை எரியவைக்கும் பேலஸ்ட்டுக்கு, அதாவது நம் வீடுகளில் சோக் என்று சொல்லப்படும் பொருளுக்கு, யாரும் காட்டுவதில்லை. குழலின் ஒளி முழுவதும் தண்ணீருக்குள் இறங்குமா, குழல் ஓராண்டு தாங்குமா அல்லது சில மாதங்களில் முனை கறுத்துவிடுமா, மூடிக்குள் எவ்வளவு வெப்பம் சேரும் என்பதையெல்லாம் பெரும்பகுதி தீர்மானிப்பது அதுதான். வட சென்னையில் கடல்காற்று, கோடை வெப்பம், மின்வெட்டு மூன்றும் சேர்ந்து வருவதால் இங்கே அந்தத் தேர்வுக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் இன்று எல்இடி விளக்குக்குப் போய்விடுகிறார்கள், அதில் தவறில்லை. ஆனாலும் டி5 எனப்படும் மெலிந்த குழல்கள் தொட்டியின் முழு நீளத்துக்கும் நிழல் விழாத சீரான ஒளியைத் தருகின்றன. நல்ல நிலையிலுள்ள பழைய டி5 விளக்குப் பெட்டிகள் கைமாற்றாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கியவரும், பழைய டியூப்லைட் பட்டியைக் கொண்டு சிறிய தொட்டி அமைக்க விரும்புகிறவரும் இந்தக் கட்டுரையை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பேலஸ்ட் செய்யும் வேலை

குழலுக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஆர்கான் போன்ற மந்த வாயுவும் சில மில்லிகிராம் பாதரசமும் இருக்கின்றன. இரு முனைகளிலும் மெல்லிய இழைகள் உள்ளன. போதுமான மின்னழுத்தம் கிடைத்ததும் வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. பாதரச ஆவி வெளியிடும் 254 நானோமீட்டர் புறஊதாக் கதிர், கண்ணாடியின் உட்புறம் பூசப்பட்ட பாஸ்பரில் பட்டு நாம் காணும் ஒளியாக மாறுகிறது. நீலக் குழலுக்கும் வெள்ளைக் குழலுக்கும் உள்ள வேறுபாடு இந்தப் பாஸ்பர் கலவையில்தான் இருக்கிறதே தவிர, பேலஸ்ட்டில் இல்லை. ஆகவே நீலக் குழலுக்கென்று தனி வகை பேலஸ்ட் தேடி அலைய வேண்டியதில்லை.

சிக்கல் வாயுவின் குணத்தில் இருக்கிறது. குண்டு பல்பின் இழை சூடேறும்போது அதன் மின்தடை கூடி, ஓட்டத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. வாயுவில் இது தலைகீழாக நடக்கிறது. ஓட்டம் கூடக்கூட மின்தடை குறைகிறது, மின்தடை குறைந்ததால் ஓட்டம் மேலும் கூடுகிறது, தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் சில நொடிகளுக்குள் குழல் தன்னையே அழித்துக்கொள்ளும். திருவொற்றியூர்த் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நிலையில் நிற்கும் தேரை அசைக்கப் பெரிய உந்துதல் வேண்டும். அசைந்த பிறகோ, அது தன் போக்கில் ஓடிவிடாதபடி சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுக்கொண்டே வர வேண்டும். முதலில் உயர்ந்த மின்னழுத்தத்தைக் கொடுத்து வாயுவைக் கடத்தவைப்பது, பிறகு ஓட்டத்தைக் குறிப்பிட்ட அளவுக்குள் பிடித்துவைப்பது ஆகிய இரண்டையும் பேலஸ்ட் செய்கிறது. பழைய பட்டிகளில் முதல் வேலைக்கு ஸ்டார்ட்டர் என்ற சிறிய துணையும் சேர்ந்துகொள்கிறது.

குழலின் மின்னோட்டமே அளவுகோல்

கடையில் பேலஸ்ட் கேட்கும்போது நாம் வாட்டைச் சொல்கிறோம், கடைக்காரரும் வாட்டைப் பார்த்து எடுத்துத் தருகிறார். குழலுக்கு உண்மையில் பொருந்த வேண்டியது ஆம்பியர் கணக்கு. ஒவ்வொரு வகைக் குழலும் குறிப்பிட்ட மின்னோட்டத்துக்கென வடிவமைக்கப்பட்டது. அதன் இழைகள் அந்த ஓட்டத்தில்தான் சரியான சூட்டில் இருக்கும்.

இதற்கு நம் வீடுகளிலேயே சான்று உண்டு. பருமனான பழைய 40 வாட் டி12 குழலைக் கழற்றிவிட்டு, அதே பட்டியில், அதே சோக்கில், மெலிந்த 36 வாட் டி8 குழலை மாட்டினால் அது சரியாகவே எரிகிறது. வாட் வேறாக இருந்தும் இரண்டின் மின்னோட்டமும் ஏறக்குறைய 0.43 ஆம்பியர்தான் என்பதே காரணம். இன்னொரு பக்கம், 36 வாட் டி8 குழலும் 39 வாட் டி5 குழலும் வாட் கணக்கில் அண்ணன் தம்பிபோல் தோன்றினாலும் டி5 குழலுக்கு வேண்டியது 0.34 ஆம்பியர் மட்டுமே. ஒன்றின் பேலஸ்ட்டை மற்றொன்றுக்குக் கொடுக்க முடியாது. டி என்ற எழுத்துக்குப் பின் வரும் எண், குழலின் விட்டத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்காகச் சொல்கிறது. டி12 ஒன்றரை அங்குலம், டி8 ஓர் அங்குலம், டி5 சுமார் 16 மில்லிமீட்டர். டி8, டி12 குழல்களின் ஊசிகளுக்கு இடையே 13 மில்லிமீட்டர் இடைவெளியும் டி5 குழலில் 5 மில்லிமீட்டர் இடைவெளியும் இருப்பதால், இவை ஒன்றின் ஹோல்டரில் மற்றொன்று நுழையாது. தவறு செய்ய நினைத்தாலும் முடியாது.

தவறு நேர்வது டி5 குடும்பத்துக்குள்ளேயே. வீட்டு வெளிச்சத்துக்கு விற்கப்படும் நான்கடி டி5 பட்டியில் இருப்பது 28 வாட் குழல். பவளத் தொட்டிக்கென விற்கப்படும் நான்கடி நீலக் குழல் 54 வாட். இரண்டின் நீளமும் 1149 மில்லிமீட்டர், இரண்டின் ஊசி அமைப்பும் ஒன்றே. 54 வாட் நீலக் குழலை வீட்டுப் பட்டியில் மாட்டினால் சத்தமில்லாமல் எரியவும் செய்யும். ஆனால் 28 வாட் குழலின் மின்னோட்டம் ஏறக்குறைய 0.17 ஆம்பியர், 54 வாட் குழலுக்கு வேண்டியதோ 0.46 ஆம்பியர். பட்டிக்குள் இருக்கும் பேலஸ்ட் முன்னதற்கானது. ஆகவே குழல் தன் ஒளியில் பாதியைக்கூடத் தராமல் மங்கலாக எரியும், இழைகள் போதிய சூடு பெறாமல் அவற்றின் மேற்பூச்சு உதிர்ந்து முனைகள் விரைவில் கறுக்கும். தொட்டி நீலமாகத் தெரிவதால் உரிமையாளருக்கு ஐயம் எழாது. பவளம் மட்டும் நாளுக்கு நாள் சுருங்கும். மாறாக, 28 வாட் குழலை 54 வாட் பேலஸ்ட்டில் மாட்டினால், சில நாள் பளிச்சென்று எரிந்து பிறகு முனை வெந்துபோகும். பவள வளர்ப்பில் புதியவர்களுக்கு விளக்கால் வரும் ஏமாற்றத்தில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

ஆகவே குழலை முதலில் முடிவு செய்யுங்கள். டி5 உயர்வெளிச்ச வகையில் இரண்டடிக்கு அருகில் 24 வாட், மூன்றடிக்கு அருகில் 39 வாட், நான்கடிக்கு அருகில் 54 வாட், ஐந்தடிக்கு அருகில் 80 வாட் என்று நீளத்தோடு வாட் கட்டுண்டிருக்கிறது. பெட்டியின் மேல் எச்ஓ என்ற எழுத்துகள் இருக்கும். சிக்கன வகையில் எச்இ என்று இருக்கும். அதன் பிறகு பேலஸ்ட்டின் உடலில் ஒட்டியிருக்கும் தாளை வாசியுங்கள். எந்தக் குழல், எத்தனை குழல் என்பது "2×54" என்பதுபோல அதில் அச்சாகியிருக்கும், அருகில் இணைப்பு வரைபடமும் இருக்கும். மாட்டிய குழலைத் தானே அடையாளம் கண்டு ஓட்டத்தை மாற்றிக்கொள்ளும் பேலஸ்ட்களும் உண்டு. அவற்றில் பொருந்தும் குழல்களின் பட்டியல் முழுமையாக எழுதப்பட்டிருக்கும். உங்கள் குழல் பட்டியலில் இல்லையென்றால் அந்த பேலஸ்ட் உங்களுக்கு உரியதல்ல.

தாளில் பேலஸ்ட் காரணி என்று ஓர் எண் இருந்தால் அதையும் பாருங்கள். ஆய்வக அளவுகோல் பேலஸ்ட்டில் குழல் தரும் ஒளியை 1 என்று கொண்டால், இந்த பேலஸ்ட்டில் அது எவ்வளவு தரும் என்பதே அந்த எண். அலுவலகங்களுக்கென விற்கப்படும் டி8 பேலஸ்ட்களில் 0.88 சாதாரணம், அதாவது எட்டில் ஒரு பங்கு ஒளி தொடக்கத்திலேயே குறைவு. பவளத் தொட்டிக்கு 1 அல்லது அதற்கு மிக நெருக்கமான எண் போதும். 1.2 போன்ற எண்ணைத் தேடிப் போய் குழலை மிகையாக ஓட்டுகிறவர்கள் உண்டு; கூடுதல் ஒளி கிடைக்கும், குழலின் ஆயுள் குறையும், நிறமும் விரைவில் மாறும். சென்னை வெப்பத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அமெரிக்கப் பவள வளர்ப்பு நூல்களைப் படிக்கிறவர்கள் விஎச்ஓ என்ற வகையைக் காண்பார்கள். நான்கடிக்கு 110 வாட், 1.5 ஆம்பியர் கொண்ட பருமனான டி12 குழல் அது. ஐஸ்கேப் 660 போன்ற பெயர்பெற்ற பேலஸ்ட்கள் அதற்கெனப் பயன்பட்டன. இங்கே குழல் கிடைப்பதே அரிது என்பதால் அதைக் கடந்து போகலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் விளக்குப் பெட்டியின் பேலஸ்ட்டில் 120 வோல்ட் மட்டும் அச்சாகியிருந்தால் அதை நம் 230 வோல்ட்டில் செருகக் கூடாது. 120 முதல் 277 வரை என்று இருந்தால் செருகலாம்.

சிறிய தொட்டிகளின் மூடியில் வரும் 9, 11 வாட் வளைகுழல்களைப் பற்றி ஒரு வரி. இரண்டு ஊசி கொண்ட வகைக்குள்ளேயே ஸ்டார்ட்டர் அடங்கியிருப்பதால் அதற்கு இரும்புச் சோக் பொருந்தும்; நான்கு ஊசி கொண்டது எலக்ட்ரானிக் பேலஸ்ட்டுக்கு உரியது.

இரும்புச் சோக்கா, எலக்ட்ரானிக் பேலஸ்ட்டா

இரும்பு அடுக்கின் மேல் செம்புக் கம்பி சுற்றிய பழைய சோக் எளிமையானது, பல ஆண்டுகள் உழைப்பது, மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் பெரும்பாலும் தாங்குவது. எலக்ட்ரானிக் பேலஸ்ட் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேர்மின்னாக்கி, 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்ணில் குழலுக்குக் கொடுக்கிறது. அந்த வேகத்தில் வாயு ஒவ்வொரு சுற்றிலும் அணைந்து எரிவதில்லை. அதனால் அதே மின்சாரத்துக்குச் சுமார் பத்து விழுக்காடு கூடுதல் ஒளி கிடைக்கிறது, விளக்கு துடிப்பதில்லை, ஹம் என்ற இரைச்சலும் இல்லை. சோக்கில் எரியும் குழல் நொடிக்கு 100 முறை துடித்தாலும் பவளத்துக்கு அதனால் கேடு என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. என் தேர்வு எலக்ட்ரானிக் பக்கம் சாய்வது வெப்பத்தை முன்னிட்டு.

36 வாட் குழல் ஒன்றுக்குச் சோக் தானே சுமார் 9 வாட்டைச் சூடாக்கிக் கழிக்கிறது. நான்கு குழல் என்றால் 36 வாட், அதாவது முழுதாக ஒரு குழலின் மின்சாரம், ஒளியே தராமல் வெப்பமாகிறது. தொட்டி நீரை 26 டிகிரி அருகில் வைத்துக்கொள்ளத் திணறும் ஊரில் அந்தச் சூட்டை மூடிக்குள் வைப்பது, நீரைக் குளிர்விக்கும் சில்லருக்குக் கூடுதல் வேலை கொடுப்பதுதான். டி5 உயர்வெளிச்சக் குழலுக்கோ இந்தத் தேர்வே இல்லை. எலக்ட்ரானிக் பேலஸ்ட் மட்டுமே அதை முறையாக ஓட்டும்.

இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளில் இன்னொரு கணக்கு இருக்கிறது. திருத்தும் மின்தேக்கி இல்லாத சோக்கின் திறன்காரணி, அதாவது செலவாகும் வாட்டை வோல்ட்-ஆம்பியர் பெருக்குத்தொகையால் (விஏ) வகுத்தால் வரும் எண், 0.5க்கும் கீழே இருக்கும். குழலும் சோக்கும் சேர்ந்து 45 வாட் எடுத்தாலும், 0.43 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 100 விஏ வருகிறது. வீட்டு மின்கட்டணம் யூனிட்டில் கணக்கிடப்படுவதால் பில் இதனால் கூடாது. ஆனால் நான்கு குழல்கள் 180 வாட்தான் என்று நினைத்து இன்வெர்ட்டரில் சேர்த்தவர் அதன் தலையில் 400 விஏ சுமையை ஏற்றியிருப்பார். நல்ல எலக்ட்ரானிக் பேலஸ்ட்டில் திறன்காரணி 0.95க்கு மேல் என்று தாளிலேயே எழுதியிருக்கும். எழுதாமல் விடப்பட்ட மலிவுப் பொருளை நான் தவிர்ப்பேன்.

இந்த இடத்தில் என் கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பவளத் தொட்டியின் விளக்கை இன்வெர்ட்டரில் சேர்க்கவே தேவையில்லை. ஒரு நாள் ஒளி இல்லாவிட்டால் பவளத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. சில மணி நேரம் நீரோட்டம் நின்றால் உயிர்வளி குறைந்து மீனும் பவளமும் மடியும். இன்வெர்ட்டரின் சக்தி முழுவதும் பம்புக்கும் அலைக்கருவிக்கும் இருக்கட்டும்.

குழலை எழுப்பும் முறை

பேலஸ்ட்டின் தாளில் வாட்டுக்கு அடுத்தபடி நான் தேடுவது, அது குழலை எப்படி எரியவைக்கிறது என்பதை. உடனடித் தொடக்க வகை, இழையைச் சூடாக்காமலே சில நூறு வோல்ட்டை ஒரே அடியாகக் கொடுத்து வாயுவைப் பற்றவைக்கிறது. ஒவ்வொரு முறையும் இழையின் மேற்பூச்சில் சிறிதளவு சிதறுகிறது. முன்சூட்டுத் தொடக்க வகை, ஒரு நொடி அளவுக்கு இழையைச் சூடாக்கிவிட்டுப் பிறகே உயர்மின்னழுத்தத்தைக் கொடுக்கிறது. சுவிட்சைப் போட்டதும் சிறிய தாமதத்துக்குப் பின் குழல் எரிந்தால் அது இந்த வகை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

டைமரில் நாளுக்கு ஒருமுறை எரிந்து ஒன்பது மணி நேரம் கழித்து அணையும் தொட்டி விளக்குக்கு உடனடித் தொடக்கமே போதும் என்று மேலைநாட்டுக் குறிப்புகள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கோடையில் மின்சாரம் போய் வந்து, மீண்டும் ஐந்து நிமிடத்தில் போய் வரும் தெருவில் அந்தக் கணக்கு பொருந்தாது. ஒரே மாலையில் குழல் பல முறை பற்றவைக்கப்படும். டி5 உயர்வெளிச்சக் குழலுக்கு முன்சூட்டுத் தொடக்கத்தையே கேட்டு வாங்குங்கள். குளிர்பதனப் பெட்டிக்கு விற்கப்படும் ஸ்டெபிலைசர்களில் மின்சாரம் திரும்பிய பிறகு மூன்று நிமிடம் அளவுக்குக் காத்திருந்து இணைப்புத் தரும் வகை உண்டு. விளக்கு இணைப்பை அதன் வழியாகக் கொடுத்தால் இந்தத் தொடர் பற்றவைப்புகள் குறையும், இரவில் மின்னழுத்தம் சரிவதற்கும் ஈடு கிடைக்கும்.

ஹோல்டரும் இந்தத் தொடக்க முறைக்கு ஏற்ப மாறும் என்பதைப் பல எலக்ட்ரீஷியன்கள்கூடக் கவனிப்பதில்லை. உடனடித் தொடக்கத்துக்கான ஹோல்டரில் இரு ஊசிகளும் உள்ளே ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். முன்சூட்டு பேலஸ்ட்டுக்கு இழையின் வழியே மின்சாரம் ஓட வேண்டும் என்பதால் இரு ஊசிகளும் தனித்தனியாக இருக்க வேண்டும். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, குழல் மாட்டாத ஹோல்டரின் இரு தகடுகளையும் தொட்டால் தெரிந்துவிடும்: ஒலித்தால் அது முன்சூட்டு பேலஸ்ட்டுக்கு ஆகாது.

டி5 பேலஸ்ட்டில் ஆயுள்முடிவுப் பாதுகாப்பு இருப்பதையும் உறுதி செய்யுங்கள். மெல்லிய குழல் என்பதால், இழையின் பூச்சு தீர்ந்த பிறகும் மின்சாரம் தொடர்ந்தால் முனை அளவுமீறிச் சூடாகிக் கண்ணாடி விரிசல் விடும். தொட்டியின் மேல் உடைந்தால் பாதரசமும் பாஸ்பர் மாவும் நேரே நீரில் விழும். பாதுகாப்புள்ள பேலஸ்ட், குழலின் நிலை கெட்டதை உணர்ந்து தன்னை அணைத்துக்கொள்ளும். ஆகவே சிலமுறை முயன்றுவிட்டு விளக்கு அணைந்தால் பேலஸ்ட் பழுது என்று உடனே முடிவு கட்டாமல், புதுக் குழல் மாட்டி, மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திப் போட்டுப் பாருங்கள்.

நான்கு குழலுக்கு ஒன்றா, இரண்டா

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட, ஏறக்குறைய 250 லிட்டர் தொட்டிக்கு நான்கு 54 வாட் குழல்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் ஓட்டும் ஒரே பேலஸ்ட் கிடைத்தாலும் இரண்டு குழலுக்கான பேலஸ்ட் இரண்டை வாங்குவதே நல்லது. ஒன்று பழுதானாலும் பாதி விளக்கு மிஞ்சும் என்பது ஒரு காரணம். நீலக் குழல்கள் இரண்டை ஒரு டைமரிலும் வெள்ளைக் குழல்களை மற்றொரு டைமரிலும் இணைத்து, காலையில் நீலம் முதலில் எரிந்து மாலையில் கடைசியாக அணையும்படி அமைக்க முடியும் என்பது அதைவிடப் பெரிய காரணம்; மீனும் பவளமும் திடீர் வெளிச்சத்தில் மிரளாது. இரண்டு குழலைத் தொடராக ஓட்டும் பேலஸ்ட்டில் ஒரு குழல் போனால் மற்றதும் அணையும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொண்டால் வீண் பதற்றம் வராது.

இந்த அமைப்பு பேலஸ்ட் இழப்பையும் சேர்த்து 240 வாட் அளவுக்கு எடுக்கும். நாளுக்கு ஒன்பது மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதக் கணக்கில் ஏறக்குறைய 130 யூனிட்.  காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்களோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு இவ்வளவு ஒளி தேவையில்லை, இரண்டு குழலிலேயே அவை நன்றாக வாழும். கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து எடுத்ததை யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் திட்டுகள் பட்ட பாடு போதும்.

உப்பும் சூடும்

பேலஸ்ட்டை எங்கே வைப்பது என்பதில் வட சென்னைக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சிந்திக்க வேண்டும். மூடிக்குள் வைத்தால் நீராவியும் உப்புத் துளியும் நேரே தாக்கும். தொட்டிக்குக் கீழே அலமாரியில் வைத்தால் அங்கே சம்ப் என்ற வடிகட்டித் தொட்டியின் ஈரம் அடைந்து நிற்கும், மேலேயிருந்து ஒழுகும் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும். தொட்டியை விட்டு ஓரடியாவது தள்ளி, நீர்மட்டத்துக்கு மேலே, சுவரில் காற்றோட்டமாகப் பொருத்துவதே சரி. ஆனால் வெகு தூரம் கொண்டுபோக முடியாது. உயர் அதிர்வெண் மின்சாரம் நீண்ட கம்பியில் கசியும் என்பதால், குழலுக்குப் போகும் கம்பிகளின் உச்ச நீளத்தை வரைபடத்திலேயே கொடுத்திருப்பார்கள். பல பேலஸ்ட்களில் அது ஒன்று அல்லது இரண்டு மீட்டர்தான்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோர வீடுகளில் தொட்டியே இல்லாவிட்டாலும் செம்பு பச்சை பிடிக்கும். ஹோல்டருக்குப் பக்கத்தில் கம்பியை அரை அங்குலம் வெட்டிப் பாருங்கள். பளபளக்க வேண்டிய இழைகள் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயும் கறுத்துப் பச்சையாக இருந்தால், உப்பு ஈரம் உள்ளே ஏறிவிட்டது என்று பொருள். செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை வெட்டித் தள்ளிவிட்டுத்தான் புதிய இணைப்புக் கொடுக்க வேண்டும். பல எலக்ட்ரானிக் பேலஸ்ட்களில் கம்பி செருகும் துளைகள் ஒற்றைக் கம்பிக்கெனச் செய்யப்பட்டவை. பல இழைக் கம்பியை அதில் திணித்தால் ஓரிரு இழை வெளியே பிதுங்கி நிற்கும், உப்புக் காற்றில் அங்கிருந்துதான் கெடுதல் தொடங்கும். ரப்பர் வளையத்தோடு திருகி மூடும் நீர்புகா ஹோல்டரே தொட்டிக்கு ஏற்றது. நான்கடி என்பது 1219 மில்லிமீட்டர், ஊசியோடு சேர்த்து டி5 குழல் 1163 மில்லிமீட்டர். ஆகவே தொட்டி நீள மூடிக்குள் இரு பக்கமும் அந்த ஹோல்டருக்கு இடம் கிடைக்கிறது. டி8 குழல் 1213 மில்லிமீட்டர் என்பதால் அதே மூடிக்குள் ஹோல்டருக்கு இடமே இருக்காது.

பேலஸ்ட்டின் உலோக உடலுக்கும் குழலின் பின்னுள்ள பிரதிபலிப்புத் தகட்டுக்கும் எர்த் கட்டாயம். குழல் எளிதாகப் பற்றுவதற்கும் எர்த் செய்த தகடு அருகில் இருப்பது துணைசெய்கிறது. முழு இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வழியாக வரட்டும், பிளக்குக்குப் போகும் ஒயர் பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கி மேலேறட்டும்; வழிந்துவரும் உப்புநீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும். ஈரக் கைகளோடு கடல்நீரில் வேலை செய்யும் இடம் என்பதால் இவற்றில் எந்தச் சமரசமும் கூடாது.

சூட்டுக்கு வருவோம். பேலஸ்ட்டின் உடலில் ஒரு சிறு புள்ளியும் அருகே டிசி (tc) என்ற எழுத்துகளும் 70 அல்லது 75 டிகிரி என்ற எண்ணும் அச்சாகியிருக்கும். அந்தப் புள்ளியின் வெப்பம் அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் நடைமுறைக் கணக்கு. குழலுக்கும் இதில் பங்குண்டு. டி8 குழல் சுற்றுவெப்பம் 25 டிகிரியில் உச்ச ஒளி தரும், டி5 குழல் 35 டிகிரியில். நமக்கு டி5 ஒத்துப்போவதற்கு இது ஒரு காரணம். ஆனால் மே மாதப் பகலில் அறையே 35 டிகிரியைத் தொடும்போது மூடிக்குள் அதைவிட மிக உயர்ந்திருக்கும், ஒளி குறையத் தொடங்கும். கணினியில் வரும் சிறிய மின்விசிறி ஒன்றை மூடியின் ஒரு பக்கத்தில் வெளியிழுக்கும்படி பொருத்தினால் குழலும் பேலஸ்ட்டும் ஒருசேரப் பயன்பெறும்.

எல்லாவற்றையும் இணைத்து முடித்ததும் விளக்கை இரண்டு மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டு, டிசி புள்ளியில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். அளவு சரியென்றால் பிறகு டைமரிடம் ஒப்படைக்கலாம். மங்கலான விளக்கில் பழகிய பவளத்தின் மேல் நான்கு உயர்வெளிச்சக் குழல்களை ஒரே நாளில் முழுநேரம் எரியவிட்டால், அதன் திசுக்களில் வாழும் நுண்பாசிகள் வெளியேறி அது வெளுத்துவிடும். முதல் வாரம் இரண்டு பேலஸ்ட்களில் ஒன்றை மட்டும் ஐந்து மணி நேரம் எரியவிடுங்கள். அடுத்த வாரம் மற்றதை நடுப்பகலில் இரண்டு மணி நேரம் சேர்த்து, பவளத்தின் நிறம் மாறாமலிருப்பதைப் பார்த்தபடி வாரத்துக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போங்கள்.